அடிபடாத எலி

அண்ணன் அண்ணியின் தலையைச் சுவரில் மோதியபோது அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

கொண்டையைப் பிடித்து மோதினான். இரண்டாவது முறை மோதியபோது ஆணியில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தேன். முழங்கையால் என் விலாவில் இடித்தான். மூச்சு வராமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"வீரா, விட்டுட்றா. பாவம்டா. விட்டுட்றா."

கூப்பிய கையோடு அவள் ஓரடி கூட முன்னால் வரவில்லை.

சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது முறை மோதிய பிறகு திடீரென்று விட்டான். தன் விரல்களைப் பார்த்தான். அவற்றில் அண்ணியின் முடி சுற்றியிருந்தது. அது எப்படி வந்தது என்று யோசிப்பவன் போல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

"இட்லி ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

அண்ணி குளியலறைக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்தாள். நெற்றி ஓரத்தில் சுண்ணாம்பும் இரத்தமும் கலந்திருந்ததைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். இட்லித் தட்டை இறக்கி அவனுக்கு வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எலி டாக்டரம்மா, பௌர்ணமிக்கு இன்னும் எத்தினி நாள் இருக்கு?"

"கொஞ்ச நாள்தான் அண்ணி."

"அது வரைக்கும் சுவரு தாங்குமா பாரு" என்றாள்.

என் அண்ணன் வீரேந்திரன் வேன் ஓட்டுகிறவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஆட்களை ஏற்றி வருவான். கோடையில் அப்படி வந்தபோது அடி அண்ணாமலையில் வண்டி நிறுத்துவதில் தகராறு. யாரோ பின்னாலிருந்து ஜாக்கி ராடால் மண்டையில் அடித்துவிட்டார்கள். அவன் எழுந்து, தானே வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மறுநாள் மத்தியானம் வாந்தியெடுத்து விழுந்தான். அடி பின்னால் விழுந்தாலும், அந்த வேகத்தில் மூளையின் முன்பக்கம் மண்டையோட்டில் மோதிக் கன்றிப்போயிருப்பதாக வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிர் பிழைத்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அடிக்க ஆரம்பித்தான். அதற்கு முன் அவன் அண்ணியைப் பெயர் சொல்லிக்கூட அதட்டியதில்லை.

முதல் அடி விழுந்த அன்றே அண்ணி மகள் நந்தினியைக் கீழ்பென்னாத்தூரில் உள்ள தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டாள். தானும் போய்விடத்தான் நினைத்தாள். நிறுத்தியது நான்.

மூளைச் செல்கள் மின்துடிப்பாலும் வேதிப்பொருளாலும் பேசிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்திருந்தேன். எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் இன்னொரு வழியும் இருப்பது தெரிந்தது. ஒரு செல் தன் சவ்விலேயே சிறு துண்டைக் கிள்ளிப் பை போல மூடி, அதற்குள் கொஞ்சம் புரதமும் கொஞ்சம் ஆர்.என்.ஏ.வும் வைத்து வெளியே விடும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அந்தப் பைகளில் ஆயிரத்தை வரிசையாக வைக்கலாம். இன்னொரு செல் அதை வாங்கி உள்ளே பிரித்துக்கொள்ளும். நல்ல நாளில் அதில் வருவது பக்கத்துச் செல்லைத் தாங்கிப் பிடிக்கிற சரக்கு. அடிபட்டால் வேறு. மூளையைக் காவல் காக்கிற செல்கள் அப்போது அனுப்பும் பைகளில் ஒரே செய்திதான் இருக்கும். வீங்கு. சண்டைக்குத் தயாராகு. அடி விழாத மூலையில் இருக்கும் செல்லும் அதைப் பிரித்துவிட்டு வீங்கும்.

என் ப்ராஜெக்ட் இதுதான். மயக்கிய எலியின் தலைமேல் ஒரு எடையைக் குழாய் வழியாகப் போடுவோம். பிறகு அதன் இரத்தத்திலிருந்து இந்தப் பைகளைப் பிரித்தெடுத்து அடிபடாத எலி ஒன்றுக்குள் செலுத்துவோம். சில நாள் கழித்து இரண்டின் மூளையையும் வெட்டிப் பார்த்தால், அடிபடாததிலும் வீக்கத்தின் அடையாளம் இருக்கும்.

நாங்கள் சமணர். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற, பொழுது சாய்ந்தால் எதுவும் சாப்பிடாத வீடு. எலிகளைப் பற்றி அண்ணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் என்னை எலி டாக்டரம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு, எனக்கு எலி என்றால் பயம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

நந்தினியை விட்டுவிட்டு அண்ணி பெட்டி எடுக்கத் திரும்பி வந்த அன்று, அம்மாவையும் அவளையும் உட்காரவைத்து, எலிகளைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அவர்கள் பார்த்ததில்லை.

"அடிக்கிறது அவன் இல்ல அண்ணி. தலைக்குள்ள இன்னும் பொட்டலம் போயிட்டே இருக்கு. அது அடங்கணும். புது மருந்து எழுதியிருக்காங்க. ஒரு மாசம் பார்த்துட்டு, அடங்கலனா வார்டுல சேர்த்துக்கறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அம்மா தலையை ஆட்டினாள். "கண்ணுக்குத் தெரியாத துகளு. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கும். அதான வினை. அது உதிர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டுதான் ஆகணும்."

"அது வேற, இது வேறம்மா."

"பேருதான் வேற" என்றாள் அம்மா.

அண்ணி என்னையே பார்த்தாள். "நீ இன்னா சொல்ற? இருக்கலாமா?"

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் இருங்க அண்ணி. நீங்க போயிட்டா அவன் மருந்தே சாப்பிட மாட்டான்."

"சரி. உன் பேச்சுக்காக" என்றாள்.

ஆனால் மருந்து வந்தும் அடி நிற்கவில்லை. கரண்டியால் அடித்தான். பெல்ட்டால் அடித்தான். ஒரு நாள் செருப்பு மாட்டிய காலால் அவள் முதுகில் மிதித்தான். பெரும்பாலும் கையில் கிடைப்பது அவள் கொண்டை என்பதால் சுவர்தான். எல்லாம் காலையில். மாலையில் தள்ளாடிக்கொண்டு போய்ப் படுப்பான். அம்மா அதைப் பார்த்து, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றாள்.

பக்கத்து வீட்டு அப்பாதுரை ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் சத்தம் கேட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"இன்னா வூடும்மா இது? மூணு பேரு கீறீங்க. புடிச்சுக் கட்டிப்போட வாணாமா?"

"நாங்க ஒரு மாட்டைக்கூடக் கட்டி அடிச்சதில்லப்பா" என்றாள் அம்மா.

"அடிக்கச் சொல்லல. கட்டச் சொல்றேன். இல்லனா போலீசுக்குப் போங்க."

"உடம்பு சரியில்லாதவன போலீசுல குடுப்பாங்களா?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி வீங்கிய உதட்டோடு வெங்காயமில்லாத சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். உப்பை இரண்டாவது முறை போட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த நாட்களில் அண்ணி பலதை மறந்தாள். குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு தடவை பால் கருகி வீடெல்லாம் புகை. அவள் அடுப்பெதிரில்தான் நின்றிருந்தாள். வாசனையே தெரியவில்லை என்றாள். கீரைக்காரி ஒரு கட்டு கம்மியாக வைத்தாள் என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். மனசு சரியில்லை, வேறென்ன என்று நான் நினைத்தேன்.

செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. ஒரு நாள் கரண்ட் போய் மெஷின்கள் நின்றுவிட, சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் சாயவில்லை. முன்னறையில் அண்ணன் அதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சமையலறையில் அம்மா ஏலக்காய் இடிக்கிற சின்ன இரும்பு உரலைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளையாகத் தூள். பக்கத்துத் தட்டில் கேப்ஸ்யூலின் கூடு இரண்டு பாதியாகக் கிடந்தது.

"இன்னாம்மா இது?"

"வீராவோட மருந்துதான். குடுத்துட்டேன்."

"ஏன் உடைச்ச?"

"மேல இருக்கிற கூடு மாட்டு எலும்புல பண்றதாச்சே. நீதான சொன்ன. காலேஜ் படிக்கச்ச, ஜெல்லி மிட்டாய்கூட வாங்காதீங்கன்னு."

"சரி. உள்ள இருந்த மணியை ஏன் இடிச்ச?"

"மணியா குடுத்தா பல்லுல மாட்டுதுன்னு துப்பிட்றான். இடிச்சு வெல்லத்துல உருட்டிக் குடுத்தா முழுங்கிட்றான். ஒரு துளி வீணாகல." அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

"படுக்கப்போகும்போது குடுக்கச் சொன்னாங்கல்ல?"

"அதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பொழுது சாஞ்சப்புறம் வெல்லமும் தண்ணியும் எப்டிக் குடுப்பேன்?"

அந்த மணி ஒவ்வொன்றுக்கும் மேலே பூச்சு உண்டு. இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்கு. இடித்துக் கொடுத்தால் மொத்தமும் ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கிவிடும். அதுதான் மாலையில் தள்ளாட்டம். விடியும்போது கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. நான் இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அம்மா உரலைக் கீழே வைத்துவிட்டாள்.

பின்வாசலில் அண்ணி காய்ந்த துணிகளோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்ப இத்தினி நாளும் மருந்தே ஒழுங்கா போகல" என்றாள்.

தட்டில் கிடந்த கேப்ஸ்யூல் கூட்டைப் பார்த்தாள்.

"செத்த மாட்டுக்குப் பார்த்தீங்க அத்தை. நல்லதுதான். எனக்குப் பார்க்கலயே."

"தர்மா, நான் தெரிஞ்சா செஞ்சேன்? எனக்குத் தெரியாதும்மா." அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி துணிமூட்டையை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

டாக்டருக்கு போன் செய்தேன். இன்று இனி எதுவும் கொடுக்க வேண்டாம், அளவு கூடிவிடும், நாளைக் காலையிலிருந்து முழுதாகக் கொடுங்கள், விடியும் நேரத்தில் யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்றார்.

"அண்ணி, இப்பவே கீழ்பென்னாத்தூர் கிளம்புங்க. நான் கொண்டுபோய் விட்றேன்."

அவள் துணிகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். அவனுடைய சட்டைகளையும் மடித்தாள்.

"முழுசா போனா சரியாயிடுவானா?"

"ஆகலாம்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் இருந்து பார்த்துட்றேன். இத்தினி அடி வாங்கியாச்சு. இது மருந்துதானான்னு பார்க்காம போனா, எனக்கே மனசு ஆறாது."

அன்று அவளை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு அந்த அறை வாசலில் குறுக்கே நான் படுத்தேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் கனமாக ஏதோ விழும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். அம்மா முன்னறையில் மல்லாந்து கிடந்தாள். அண்ணன் அவள் மார்மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தம்ளர் உருண்டு, தண்ணீர் பாய் முழுக்க. ஒரு கேப்ஸ்யூல் உடைக்காமல் அப்படியே தரையில் கிடந்தது.

சூரியன் வருவதற்கு முன் அம்மா அந்த வீட்டில் யார் வாயிலும் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அன்று மனசு கேட்காமல் இருட்டோடு எழுந்து, தூங்குகிறவன் வாயைத் திறந்து மருந்தைப் போடப் போயிருக்கிறாள்.

அவன் விரல்களைப் பிடித்து இழுத்தேன். ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன.

என் தலைக்கு மேலே ஏதோ உயர்ந்தது. அண்ணி இரண்டு கையாலும் தோசைக்கல்லைத் தூக்கியிருந்தாள். இரும்புக் கல். அவள் பார்வை அவன் பின்மண்டையில் இருந்தது. ராடு பட்ட தழும்பின் மேலே முடி இன்னும் சரியாக வளரவில்லை.

"தலையில வேணாம் அண்ணி."

அவள் இறக்கினாள். நான் கையை நடுவில் கொடுத்தேன்.

எலும்பு முறிந்ததை முதலில் காதால்தான் அறிந்தேன். வலி பிறகு வந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் பிடியை விட்டான். அம்மா புரண்டு, தொண்டையில் விசில் போன்ற ஒலியோடு மூச்சை இழுத்தாள். அண்ணி நிறுத்தவில்லை. கல்லைத் திரும்பத் தூக்கி அவன் தோளில் போட்டாள். முதுகில் போட்டாள். அவன் குப்புற விழுந்த பிறகு தொடையில் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவன், "யாரு? யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் வீட்டில் ஒருவர் இன்னொருவரைத் திருப்பி அடிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைக்கு அருகே கல் போகும்போது மட்டும் கத்தினேன்.

"தலை அண்ணி. தலையில வேணாம்."

அவள் கல்லைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் தலை. எப்பப் பாரு அவன் தலை. படம் புடிச்சீங்க. மருந்து வாங்கினீங்க. பொட்டலம் போவுதுன்னு உக்கார வச்சு பாடம் எடுத்த. சுவத்துல மோதினது யாரு தலைடி? என் தலைக்குள்ள பொட்டலம் போவாதா?"

அப்படியே சரிந்து உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மஞ்சளாக நீர் மட்டும் வந்தது. நிமிர்ந்தபோது அவள் கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை.

உப்பு. குழாய். கருகின பால் வாசனை. கீரைக்காரி. எலிகளில் இதே குறிகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், தினமும் அவளோடு இருந்தேன்.

அப்பாதுரை சுவரேறி வந்தார். தன் துண்டால் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டினார். யாரும் தடுக்கவில்லை. அண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

"வண்டி எடுக்கறேன். மொதல்ல யாரு?" என்றார்.

"அண்ணி" என்றேன்.

அம்மாவும் எங்களோடு வந்தாள். அண்ணனை அப்பாதுரையின் கூட்டாளிகள் இன்னொரு ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். என் கைக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். அம்மாவின் கழுத்தில் விரல் தடங்கள் ஊதா நிறமாகியிருந்தன. பணியிலிருந்த டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அண்ணியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். முடியை விலக்கி, புதுக் காயத்தையும் பழைய புடைப்புகளையும் தொட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றாள் அம்மா. குரல் உடைந்து காற்றாக வந்தது.

டாக்டர் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். "நீங்களும் வழுக்கி விழுந்தீங்களா?"

நான் வேலை செய்யும் இடத்தில், நான் பேசினால் காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேலி செய்வார்கள். இப்போது திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க அண்ணன் அடிச்சான். சுவத்துல மோதினான். ஒரு தடவை இல்ல, ஒரு மாசமா. வாந்தி எடுத்தாங்க. வாசனை தெரியலங்கிறாங்க. மறதி இருக்கு. கண்மணி ஒண்ணு பெருசா இருக்கு. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

"எடுக்கறோம். இதை போலீசுக்கும் சொல்லியாகணும்."

"சொல்லுங்க."

அம்மா என் நல்ல கையைப் பிடித்தாள். "அவனுக்கு உடம்பு சரியில்லடி. நீதான சொன்ன."

"சரியில்லதாம்மா. அதையும் அவங்ககிட்ட சொல்றேன்."

அம்மா கையை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் அண்ணியை மட்டும் அழைத்துப் போனார்கள். கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் உள்ளே பளாரென்று கன்னத்தில் அறையும் சத்தம். டெக்னீஷியன் கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"தலையை நேரா வைக்கத் தொட்டேங்க. அவ்ளோதான். யாராச்சும் கூட வாங்க."

எனக்கு ஒரு ஈய அங்கியை மாட்டிவிட்டார்கள். அண்ணி மேசையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணி."

"தொடாத."

"தொடல. நீங்களே படுங்க. அப்புறம் சொல்லுங்க, எங்க பிடிக்கணும்னு."

வெகுநேரம் கழித்துப் படுத்தாள். என் இடது கையை எடுத்துத் தன் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மண்டையைத் தொடவிடவில்லை.

"சௌமி. இப்டியே கீழ்பென்னாத்தூர் போயிடுவேன்."

"படம் வரட்டும். டாக்டர் போலாம்னு சொன்னதும் நானே கொண்டுபோய் விட்றேன்."

"அவனுக்கு நல்லாயிடுச்சுன்னு கூப்புட வரக்கூடாது."

"வரமாட்டேன்."

"உங்கம்மாவ அனுப்பக்கூடாது."

"அனுப்பமாட்டேன் அண்ணி. அசையாதீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேசை உள்ளே நகர்ந்தது.